சுபிரா என்று கூப்பிட்ட எட்டு நாட்கள்

முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கலியாண வீட்டு மேசைகளில் கதைக்கிற வயதுக்கு நாங்களும் வந்துவிட்டோம். பத்துப் பன்னிரண்டு வயதில் இந்த ரொறன்ரோவில் வந்து இறங்கி, யாரோ கொடுத்த பெரிய ஜாக்கெற்றுக்குள் கை தெரியாமல் நடந்து, பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் என்னோடு இருந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குள் ஒளிப்பதற்கு அதிகம் இல்லை. யார் வீட்டில் ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுத்தார்கள், யாருடைய அப்பா எந்தத் தொழிற்சாலையில் விரலைக் கொடுத்தார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டோர்செட் பார்க்கில் எங்களுடைய முதலாவது குளிர்காலத்தைப் பற்றி நான் உங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

கென்னடி றோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்று கட்டடங்கள். நடுக் கட்டடத்தில் ஒன்பதாம் மாடி எங்களுடையது. இரண்டு எலிவேற்றரில் ஒன்று எப்போதும் பழுது. மற்றதற்குள் ஏறினால் ஒவ்வொரு மாடியின் சமையலும் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கில் ஏறும். மூன்றாம் மாடியில் கருவாடு, ஆறில் வெள்ளைப்பூடு, ஒன்பதில் கதவு திறந்தால் ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் கொதித்த எண்ணெயும். அது எங்கள் வீட்டு மணம் அல்ல, பக்கத்து வீட்டு மணம். மொம்பாஸாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்ணும் அவருடைய மகளும் அங்கே இருந்தார்கள். அவருடைய புருஷன் இன்னும் மொம்பாஸாத் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டு, இங்கே வருவதற்கான பேப்பருக்குக் காத்திருந்தார்.

மகளுக்குப் பெயர் சுபிரா. என்னுடைய வயது, பதினொன்று. இந்தக் கதையில் நான் எழுதப்போகிற ஒரே பெயர் அதுதான். மற்றவர்களுக்கெல்லாம் உறவு போதும்.

அவர்களுடைய ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த பிறகு அவளை அவளுடைய பெயரால் கூப்பிடுவது மரியாதை இல்லையாம். பிள்ளையின் பெயரைச் சேர்த்து இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்களாம். அம்மாவுக்கு அவர்களுடைய சொல் மாமா. ஆகவே அவர் தன்னை ‘மாமா சுபிரா’ என்றுதான் எங்களுக்கு அறிமுகம் செய்தார். அப்பா அன்று சிரித்ததைப் போல அந்தக் கட்டடத்தில் பிறகு சிரிக்கவில்லை. “மீசையில்லாத மாமா ஒருத்தர் பக்கத்து வீட்டில இருக்கிறார் எண்டு ஊருக்கு எழுதட்டே?” என்றார். கடைசியில் நாங்கள் ‘அன்ரி’யில் வந்து நின்றோம்.

அம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். எனக்குப் பிறகு பதினொரு வருடம் கழித்து. அதில் ஆறு வருடம் அப்பா எங்களைவிட்டு வேறு வேறு நாடுகளில் அலைந்தார். நாங்கள் வந்து சேர்ந்த பிறகு ஒன்று தங்காமல் போனது. இது இரண்டாவது. கால் வீங்கி அம்மா குசினிக் கதிரையில் இருப்பாள். அன்ரி எங்கள் அடுப்பிலேயே மாவை முக்கோணமாக வெட்டி எண்ணெயில் போடுவார். மண்டாஸி என்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் காற்றடைத்துப் பொங்கி வரும். அம்மாவுக்கு அந்தக் காலத்தில் வயிற்றில் நின்ற ஒரே சாப்பாடு அது.

அன்ரிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அம்மாவுக்கு ‘தாங்க் யூ’வும் ‘நோ ப்ராப்ளம்’மும் மட்டும். நடுவில் நான் நின்று மாற்றி மாற்றிச் சொல்லுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா என்னிடம், “இவளின்ர பேருக்கு என்ன கருத்து எண்டு கேள்” என்றாள்.

அன்ரி அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னார். அதை எனக்குத் தெரிந்த தமிழில் அப்போது சொன்னேன். இப்போது கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன்.

“அது அரபியிலிருந்து வந்த சொல். எங்கள் சுவாஹிலிக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, இப்போது எங்களுடையதுதான். பொறுமை என்று பொருள். எங்கள் கரையில் பெண் பிள்ளைக்குச் சும்மா அழகுக்குப் பெயர் வைக்கிறவர்கள் குறைவு. வெள்ளிக்கிழமை பிறந்தால் முவாஜுமா. பெருநாளில் பிறந்தால் முவானாயிதி. மூன்றாவதாகப் பிறந்தால் டாட்டு, மூன்று என்றே பெயர். நெடுங்காலம் காத்திருந்து பெற்றால், அல்லது வீட்டில் கஷ்டம் வந்து நிற்கும்போது பெற்றால், சுபிரா. நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். என் மாமியார் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். இவள் பிறந்த உடனே காதில் பாங்கு சொன்னார்கள். ஏழாம் நாள் தலைமயிர் இறக்கி, ஆடு வெட்டி, என் மாமனார்தான் இந்தப் பெயரை வைத்தார். பிள்ளை பொறுமையாக இருக்கவேண்டும் என்பதற்காக வைக்கிற பெயர் இல்லை இது. கூப்பிடும்போதெல்லாம் கூப்பிடுகிறவர் தனக்கே சொல்லிக்கொள்கிற பெயர்.”

நான் சொல்லி முடித்ததும் அம்மா சுபிராவைக் கிட்ட கூப்பிட்டு, அவளுடைய கன்னத்தை வழித்தாள். “எங்களிட்டையும் பொறுமைக்குக் குறைவில்லை. ஆனால் ஆர் அதைப் பிள்ளைக்குப் பேரா வைச்சது?” என்றாள். அன்றிலிருந்து அவள் ‘சுபிராக் குஞ்சு’. எனக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. குஞ்சு என்பது அதுவரை நான்தான்.

தங்கை அவசரப்பட்டு வந்துவிட்டாள். தை கடைசியில் வரவேண்டியவள் கார்த்திகை முதற் பனியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப் பிறந்தாள். டவுன்டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கூடப் பிறந்தவள் என்பதால் சனி ஞாயிறுகளில் என்னையும் உள்ளே விடுவார்கள். முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். அந்தச் சவர்க்காரத்தின் மணம் இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் நான் கை கழுவாமல் திரும்பிவிடுவேன். அப்பாவின் உள்ளங்கையில் தலையும் மணிக்கட்டில் காலுமாக அடங்கிவிடுகிற அளவுதான் இருந்தாள். சிவந்த தோல். மூக்கில் குழாய். காலில் ஒரு பட்டி, அதில் ‘பேபி கேர்ள்’ என்றும் அப்பாவின் பெயரும் எழுதியிருந்தது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு நாள் துடக்குக் கழித்து, வீடு கழுவி, பிறகுதான் பெயர். அதற்குச் சாத்திரியார் நட்சத்திரம் பார்த்து எழுத்துச் சொல்லவேண்டும். இங்கே ஒரு குருக்கள் இருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று அப்பாவின் கூட்டாளிகள் சொன்னார்கள். கேட்கப்போன இடத்தில் பெரிய வழக்கு. பிள்ளை பிறந்தது ரொறன்ரோ நேரத்துக்கா, அல்லது பத்தரை மணித்தியாலம் கூட்டி யாழ்ப்பாண நேரத்துக்கா கணிப்பது? இங்கே ஞாயிறு விடிய என்றால் அங்கே ஞாயிறு பின்னேரம். நட்சத்திரமே மாறிவிடுமாம். குருக்கள் ஒன்று சொன்னார், பஞ்சாங்கம் வைத்திருந்த இன்னொருவர் வேறொன்று சொன்னார். அப்பாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக எழுதிய சாத்திரியார் ஊரில் இருக்கிறார், அவரிடமே கேட்போம் என்று முடிவெடுத்தார். கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் கடிதம் கொடுத்துவிட்டார். அங்கேயிருந்து யாராவது கடலேரி கடந்து கொண்டுபோய், சாத்திரியார் எழுதி, அது திரும்ப அதே வழியில் வரவேண்டும். முப்பத்தொரு நாளுக்குள் அது வந்துவிடும் என்று அப்பா நம்பினார். போர் நடக்கிற ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கடிதம் எத்தனை மாதம் கிடக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

அப்பாவின் பிடிவாதத்துக்கு நானும் ஒரு காரணம். நான் பிறந்தபோது அப்பா கொழும்பில் அகப்பட்டிருந்தார். சாத்திரியாரைப் பாராமல் அம்மாவின் தமையன் அவசரத்தில் எனக்கு ஒரு பெயரை வைத்தார். அடுத்த மாதம் அப்பாவின் கடை எரிந்தது. “உனக்கு எழுத்துப் பாராமல் பேர் வைச்சதோட துவங்கினது” என்று அப்பா பகிடியாகச் சொல்லுவார். பகிடி என்று பெரியவர்களுக்குத் தெரியும். நான் பதினொரு வயதுவரை அந்தக் கடையை எரித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் சனிக்கிழமை. அன்ரி எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பஸ், பிறகு சப்வே, மடியில் துணி சுற்றிய மண்டாஸி. அவரை உள்ளே விடவில்லை. பெற்றோர் இருக்கும் அறையில் இருந்தார். அம்மா வந்து பக்கத்தில் இருந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, “என்ன பெயர் வைத்தீர்கள்?”

நான் சொன்னேன், முப்பத்தொரு நாள் கழியவேண்டும் என்று.

அன்ரி என்னைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்தார். “இன்றைக்கு ஏழு நாள். இவ்வளவு நோயில் கிடக்கிற பிள்ளை. பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு அவளை நீ என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய்?”

அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா யோசித்தாள். “ஒண்டும் சொல்லிக் கூப்பிடேல்லை எண்டு சொல்லு” என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

“ஆடு வெட்ட வேண்டாம், தலைமயிர் இறக்க வேண்டாம். ஒரு பெயர் மட்டும் வை,” என்றார் அன்ரி. “நாளைக்கு ஏதாவது ஆனால் அவளை என்னவென்று கூப்பிடுவார்கள்? பெயரில்லாத பிள்ளை யாருடைய குரலுக்குத் திரும்பிப் பார்க்கும்?” நான் கடைசி இரண்டு வசனத்தையும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அம்மா விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் பகலில் வேலைசெய்த நேர்ஸ் இளஞ்சிவப்பு மட்டையில் கரடிப்படம் ஒட்டி ஒரு பெயர்ச்சீட்டுச் செய்து பெட்டியில் கொளுவிவிட்டாள். சுபிரா. அம்மா சொல்லி அவள் எழுதியது. அப்பா வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அம்மா அந்தச் சீட்டைத் திருப்பிவிடுவாள். வீட்டுப் பெயர்தானே, பள்ளிக்கூடப் பெயர் பிறகு வைக்கலாம் என்று அம்மா தன்னைத்தானே சமாதானப்படுத்தியிருப்பாள். எங்களில் எத்தனை பேருக்கு இரண்டு பெயர் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நான் அதைப் பார்த்தேன். அம்மா பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் கையை விட்டு, விரல் நுனியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, “சுபிராக் குஞ்சு, சுபிராக் குஞ்சு, அம்மா வந்திட்டன்” என்றாள். பக்கத்து மெசினில் அவளுடைய மூச்சின் அளவைக் காட்டுகிற நீல இலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தாறு. எண்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டு. நேர்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். “பெயரைக் கேட்டால் உன் தங்கை நன்றாக மூச்சு விடுகிறாள்,” என்றாள்.

உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்த இலக்கத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மா நாள் முழுக்க ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடம் விட்டால் நான் பக்கத்து வீட்டில். அங்கே சுபிரா ஒருத்தி. இங்கே பெட்டிக்குள் சுபிரா இன்னொருத்தி. தங்கைக்கு வைக்க நான் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன், என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. திங்கள் முதலே வகுப்பில் சுபிரா, “குட்டிப் பாப்பாவுக்கு என்னுடைய பெயர், அவள் எனக்கும் தங்கை” என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாளாம். அது அவளுக்குப் பெருமை. பாவம், அவளுக்கும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. எனக்கு அது களவு போலத்தான் பட்டது.

ஞாயிறு பின்னேரம் அப்பாவும் நானும் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சமைத்துவைத்தது மாமி, அப்பாவின் தமக்கை, வடக்கே மார்க்கம் நகரத்திலிருந்து வந்திருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் நின்றாள்.

“அப்பா, தங்கச்சிக்குப் பேர் வைச்சாச்சு,” என்றேன்.

அப்பா பிசைந்த சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊரைவிட்டு வந்த பிறகு நான் சொன்ன ஒன்றை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு ஓடியது. முழுவதையும் சொன்னேன். சீட்டு, கரடி, அம்மா அதைத் திருப்பி வைப்பது, எல்லாம்.

“சோனகப் பேரோ?” என்றார் மாமி. “தம்பி, உன்ர மனுசிக்கு விசரோ?”

“சோனகப் பேரில்லை மாமி, ஆபிரிக்கப் பேர்” என்று நான் திருத்தினேன். திருத்தினால் தவறு இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேனோ தெரியாது.

“ஆபிரிக்காச் சோனகர்,” என்றார் மாமி.

யாழ்ப்பாணத்துச் சோனகரை, அங்கேயிருந்த முஸ்லிம் சனங்களை, இயக்கம் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளிக்கிடச் சொல்லி அனுப்பி அப்போது இரண்டு வருடம்தான். அப்பாவுக்குத் தையல் பழக்கியவர் அவர்களில் ஒருவர். செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லையாம். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.  அன்றைக்கும் அப்பா கையைக் கழுவிவிட்டு யன்னலோரம் போய் நின்றார். சோற்றை அப்படியே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகாமல் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே சத்தம் போடவில்லையாம். நேர்ஸிடம் மரியாதையாக, அந்தச் சீட்டு ஒரு பிழை, கழற்றிவிடுங்கள் என்று கேட்டாராம். அம்மாவிடம் அவர் சொன்னதைப் பல வருடத்துக்குப் பிறகு மாமி வாயால்தான் அறிந்தேன். “அவையின்ர பேர் எண்டதுக்காகச் சொல்லேல்லை. பேர் பிழைச்சால் பிள்ளை தங்காது. உமக்குத் தெரியாதே, முதல் பிள்ளைக்குப் பிழைச்சதால நாங்கள் பட்ட பாடு? கடிதம் வந்திடும். இன்னும் பதினைஞ்சு நாள். கொஞ்சம் பொறும்.” அப்பா அம்மாவிடம் கேட்டதும் பொறுமைதான்.

அப்பாவை மூடநம்பிக்கைக்காரர் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் இருபது வருடம் அப்படித்தான் சிரித்தேன். இப்போது எனக்குத் தெரிவது வேறு. அவர் கையில் இந்த நாட்டில் ஒன்றுமே இருக்கவில்லை. டொக்டர் சொல்வது விளங்காது, மெசினைத் தொட முடியாது, வேலையில் ஒரு நாளுக்கு மேல் லீவு கேட்க முடியாது. பெயர் ஒன்றைத்தான் சரியாகச் செய்யலாம் என்று நினைத்தார். அதைச் சரியாகச் செய்வதற்குக் காத்திருந்து காத்திருந்து பிள்ளையைக் கூப்பிடாமலே விட்டார். மனிதர் பயத்தில் செய்வது எல்லாம் அநேகமாக இப்படித்தான் முடிகிறது.

அம்மா அதற்குப் பிறகு தங்கையைக் கூப்பிடவில்லை. கையை உள்ளே விடுவாள், விரலைக் கொடுப்பாள், வாய் திறக்கமாட்டாள். சனிக்கிழமை நான் போனபோது அந்த நேர்ஸ் என்னிடம், “உன் அம்மா ஏன் பேசுவதில்லை? பேசச் சொல்லு, பிள்ளைக்கு நல்லது” என்றாள். நான் அம்மாவிடம் சொன்னேன்.

“என்னெண்டு கூப்பிடுறது?” என்றாள் அம்மா.

 நான் யோசித்து வைத்திருந்த பெயர்கூட அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

இருபத்துமூன்றாம் நாள், திங்கட்கிழமை மத்தியானம், தங்கை செத்துப்போனாள். நான் பள்ளிக்கூடத்தில் பின்னங்கள் கழித்துக்கொண்டிருந்தேன். நுரையீரலில் கிருமி என்று டொக்டர் சொன்னார். பெயரால் ஒரு பிள்ளை சாவதுமில்லை, பிழைப்பதுமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் ஆறுதல் சொல்லவேண்டாம். ஆனால் அவள் இந்த உலகத்தில் இருந்த இருபத்துமூன்று நாளில் எட்டு நாள்தான் அவளை ஒருவர் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடாமல் போனதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு.

பச்சைப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, புதைத்தார்கள். பெண்கள் போகவில்லை. அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் போனார்கள். காகிதங்களில் ‘பேபி கேர்ள்’ என்றே இருந்தது. அப்பாவின் சப்பாத்தில் ஒட்டிவந்த மண் கதவடிக் கம்பளத்தில் காய்ந்து கிடந்தது, இரண்டு நாளாக ஒருவரும் கூட்டவில்லை.

புதைத்ததற்கு அடுத்த நாள் அன்ரி வந்து கதவைத் தட்டினார். சுபிரா பின்னால் நின்றாள். மாமிதான் திறந்தார். அன்ரி நல்ல வெள்ளைத் துணி தலையில் போட்டிருந்தார். “நான் அவளுக்காகத் தொழவேண்டும். என்ன பெயர் சொல்லித் தொழ?” என்று கேட்டார். மாமிக்கு ஆங்கிலம் தெரியும். “எல்லாரும் படுத்திருக்கிறார்கள்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஒருவரும் படுத்திருக்கவில்லை. நான் குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அம்மாவும் கேட்டாள்.

சாத்திரியாரின் கடிதம் மாசி மாதம் வந்தது. அப்பா இறந்த பிறகு, அவருடைய இமிகிரேசன் பேப்பர்கள் வைத்த பையில் அதைக் கண்டெடுத்தேன். நாலாய் மடித்த கொப்பித்தாள். எழுத்துகள் நாலு சொல்லியிருந்தார். பிறகு, பிள்ளை தீர்க்காயுள், தாய் தகப்பனுக்குக் கடைசிக் காலத்தில் கை கொடுப்பாள் என்று எழுதியிருந்தார். அப்பா அதை அம்மாவுக்குக் காட்டியதில்லை. நானும் காட்டவில்லை. இப்போது அது எங்கே என்று தெரியாது. யூனியன்வில் வீட்டுக்கு மாறியபோது தொலைந்த பெட்டிகளில் ஒன்றில் இருந்திருக்கவேண்டும்.

அந்த வருடம் முழுக்க அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கண்டால் சிரிப்பாள், தலையைத் தடவுவாள், “பிள்ளை, சாப்பிட்டியே?” என்பாள். அவ்வளவுதான். சித்திரையில் ஒருநாள், பனி கரைந்து வாகனத் தரிப்பிடம் முழுக்கச் சேறாக இருந்தபோது, சுபிரா என்னைக் கேட்டாள், “உன் அம்மா ஏன் இப்போது என் பெயரைச் சொல்வதில்லை? நான் ஏதாவது பிழை விட்டேனா?”

“மறந்துபோயிருப்பா,” என்றேன்.

அவள் அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு, தன் பெயரை இன்னொருவர் மறந்துவிட்டார் என்று நம்புவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது அடிக்கடி யோசனை வரும். அடுத்த கோடையில் அவர்கள் மேற்கே எங்கேயோ ஒரு ஊருக்கு மாறிப் போனார்கள். மொம்பாஸாவில் காத்திருந்த புருஷன் அங்கேயே வேறு கலியாணம் செய்துகொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எங்களுக்குத் தமிழ் வகுப்பில் படிப்பித்தார்கள். ஒன்பதாம் மாடியில் பொறுத்தவர்கள் ஒருவரும் ஒரு சாண் பூமியும் ஆளவில்லை.

யார் அப்பாவிடம் சொன்னது என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. மாமி சொல்லியிருப்பார் என்று நினைத்திருப்பாள், அல்லது நேர்ஸ் என்று நினைத்திருப்பாள் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். முப்பது வருடம் அந்தத் தேறுதலில் ஓடியது.

போன வருடம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வயதுபோன ஒரு நேர்ஸ் கட்டிலடியில் நின்று விவரம் எழுதினாள். மருந்து, ஒவ்வாமை, யாரோடு இருக்கிறார். நான் மொழிபெயர்த்தேன்.

“எத்தனை பிள்ளைகள்?”

“எத்தினை பிள்ளையள் எண்டு கேக்கினம், அம்மா.”

“ரெண்டு,” என்றாள் அம்மா. நேர்ஸ் எழுதினாள். பெயர்களைக் கேட்டாள். என்னுடையதைச் சொன்னேன். மற்றது என்று நேர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

அம்மா தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்பா போய் ஆறு வருடம். மாமியும் இல்லை. அந்த அறையில் அம்மா பயப்பட ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் அம்மா குரலைத் தாழ்த்தி, ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோல, என்னிடம்தான் கேட்டாள்.

“அந்தப் பேரைச் சொல்லலாமோ, பிள்ளை? நீ ஒருத்தருக்கும் சொல்லமாட்டாய்தானே?”

 ‘ஓம்’ என்ற ஒரு சொல், ‘அம்மா, சொல்லுங்கோ’ என்ற இரண்டு சொல், அதுதான் வேண்டியிருந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைச் சங்கடப்படுத்தியதற்கு வருந்துகிறவள்போலப் போர்வையை இழுத்துவிட்டாள்.

“சரி விடு. ஒண்டு எண்டே எழுதச் சொல்லு.”

நான் நேர்ஸிடம் ஒன்று என்று சொன்னேன். அவள் இரண்டை வெட்டிவிட்டு ஒன்று என்று எழுதினாள்.